‘ஃபங்கி டிரம்மர்’ சாம்பிள்கள்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஃபங்க் இசைப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவு செய்த ‘ஃபங்கி டிரம்மர்’ பாடலைப் பற்றி எழுதும்போது, அதன் புகழ்பெற்ற டிரம் பகுதியைத் தனி ஆவர்த்தனம் என்று சொல்லிவிடுவது முதல் தவறு. மற்ற வாத்தியங்களை நிறுத்தச் சொல்வதற்கு முன்பே, தனி வித்தை எதுவும் வேண்டாம், வாசிப்பதையே விடாமல் வாசித்தால் போதும் என்று பிரவுன் டிரம்மரிடம் சொல்வது பதிவிலேயே கேட்கிறது. கிளைட் ஸ்டபில்ஃபீல்டும் அப்படியே ஏறத்தாழ 20 வினாடிகள் வாசிக்கிறார்: ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத்தட்டு இடைவிடாமல் ஓட, ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் அழுத்தமான அடிகளுக்கு நடுவே, காதைத் தீட்டிக்கொண்டால் மட்டுமே பிடிபடும் மெல்லிய அடிகள் நிரம்பியிருக்கின்றன. சாம்பிள் எடுத்தவர்களை, அதாவது இந்த ஒலிப்பதிவின் துண்டை வெட்டித் தங்கள் புதிய பாடல்களில் பயன்படுத்தியவர்களை, ஈர்த்தது பெரும்பாலும் அந்த மெல்லிய அடிகள்தாம் என்பது என் கணிப்பு.

இப்பாடல் வெளிவந்த 1970லேயே பெருவெற்றி பெற்றதாக எழுதுவதும் பிழை. இரு பகுதிகளாக வெட்டப்பட்டு வந்த அந்த இசைத்தட்டு, அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) இசைத் தரவரிசைப் பட்டியலில் 20ஆம் இடத்தோடு நின்றது. 1986இல் வந்த ‘இன் தி ஜங்கிள் குரூவ்’ தொகுப்பு, டிரம் பகுதியையே திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி சுழற்றி அமைத்த ஒரு பதிவையும் சேர்த்துத் தந்த பிறகுதான் அது தயாரிப்பாளர்களின் கைகளுக்கு எளிதாகச் சென்றது.

பப்ளிக் எனிமி என்ற ஹிப்-ஹாப் குழுவின் பாடல்களில் கேட்கும் எல்லாவற்றுக்கும் இதையே மூலமாகக் காட்டுவோரும் உண்டு. ‘ரெபெல் வித்அவுட் எ பாஸ்’ பாடலின் டிரம் இங்கிருந்து வந்ததே என்றாலும், அதில் சைரன் போல் அலறும் ஒலி, பிரவுனின் இசைக்குழுவான தி ஜே.பி.ஸின் ‘தி கிரன்ட்’ பாடலுக்குரிய சாக்சபோன்.

உரிமை விஷயத்தில் நடக்கும் குழப்பமோ இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. ஒரு சாம்பிளில் பாடலாக்கத்துக்கான பதிப்புரிமையும் ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமையும் தனித்தனியே அடங்கியிருப்பதால், ஒன்றுக்கு மட்டும் அனுமதி பெற்றால் போதாது. சில வினாடிகள் என்றால் அனுமதியே வேண்டாம் என்பதும் நம்பத்தக்கதல்ல. ஃபங்கடெலிக் குழுவின் 2 வினாடி கிட்டார் ஒலி தொடர்பான வழக்கில், ஒலிப்பதிவிலிருந்து எவ்வளவு சிறிதாக எடுத்தாலும் உரிமம் தேவை என்று அமெரிக்காவின் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் முடிவு செய்தது. மடோனாவின் ‘வோக்’ தொடர்பான வழக்கில் ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் 2016இல் அதை ஏற்க மறுத்துவிட்டதால், ஒரே தீர்ப்பை நாடு முழுவதற்குமான சட்டமாக எழுதக் கூடாது. சாம்பிள்கள் ஸ்டபில்ஃபீல்டைச் செல்வந்தராக்கின என்பது வெறும் கற்பனை. பாடலாக்க உரிமை பிரவுனின் பெயரில் மட்டுமே இருந்ததால், 2017இல் மறைந்த ஸ்டபில்ஃபீல்டுக்கு அதிலிருந்து ராயல்டி கிடைக்கவில்லை.