தாடைக் கம்பி எடுத்த பிறகு வாய் திறக்கவில்லையா?

தாடை எலும்பு முறிந்து, மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் சேர்த்துக் கம்பி கட்டியிருந்தால், பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் அதை எடுத்துவிடுவார்கள். அன்றைக்கே இட்லியைக் கடிக்கலாம் என்று நினைத்திருப்போம். ஆனால் சிலருக்கு ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. பயப்படாதீர்கள். அசையாமல் கிடந்த தசை இறுகிப் போயிருக்கிறது.

மருத்துவர் பயிற்சிக்குச் சரி என்றதும், புது ஐஸ் குச்சிகள் கொஞ்சம் வாங்கிக் கழுவி வையுங்கள். முதலில் கன்னத்தில் 10 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். அப்புறம் வாய் திறக்கும் அளவுக்குக் குச்சிகளை அடுக்கி, முன்பற்களுக்கு நடுவே வைத்து அரை நிமிடம் இருங்கள். ஒரு நாளில் ஐந்தாறு முறை செய்யலாம். சில நாளுக்கு ஒருமுறை ஒரு குச்சி கூட்டுங்கள். ஒரு குச்சி சுமார் 2 மில்லிமீட்டர்தான், ஆனால் அது தரும் தெம்பு பெரிது. உங்கள் மூன்று விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைந்தால் வாய் இயல்புக்கு வந்துவிட்டது.

கண்ணாடி முன் நின்று செய்யுங்கள். தாடை ஒரு பக்கம் சாயாமல் நேராக இறங்க வேண்டும். இழுப்பது போல இருக்கலாம், சுருக்கென்ற வலி கூடாது. பல் கடிமானம் (மேல் பற்களும் கீழ்ப் பற்களும் பொருந்தும் விதம்) மாறியதாகத் தோன்றினால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.