கூல்-டவுனை முதலில் எழுதுங்கள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஞாயிறு காலை 7.30க்கு, நான் நடத்தும் உடற்பயிற்சிக்குப் பதினைந்து பேர் கூடுவோம். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்த 50 நிமிடங்களைத் திட்டமிடும்போது நான் முதலில் எழுதுவது கடைசிப் பத்து நிமிடத்தை, அதாவது உடம்பை மெல்லத் தணிக்கும் கூல்-டவுனைத்தான். 8.10க்கு கார்டியோ, அதாவது இதயத் துடிப்பைக் கூட்டும் பயிற்சி, நின்றாக வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி வருவேன்: கார்டியோவுக்கு 28 நிமிடம், அதற்கு முன் உடம்பைத் தயாராக்கும் வார்ம்-அப்புக்கு 12.

தொடக்கத்தில் ஒருநாள், எல்லோரும் உற்சாகமாக இருக்கிறார்களே என்று கார்டியோவை 8.20 வரை இழுத்து, "சரி, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். மின்தூக்கிக்குக் காத்து நின்ற ஓர் அக்காவுக்குத் தலை சுற்றி, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அசையும்போது கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கி, அழுத்தம் இறங்கிவிடும். அதனால் கூல்-டவுனில் முதல் நான்கு நிமிடம் மெதுவான நடை. அப்புறம் தூணில் கை ஊன்றிக் கெண்டைக்கால், தொடையின் முன்பக்கம், பின்பக்கம், தோள்பட்டை என நீட்டுவோம். ஒவ்வொன்றும் 20 விநாடி. தலையைத் தொங்கவிட்டுக் குனிய விடமாட்டேன்.

வார்ம்-அப்பில் நின்ற இடத்தில் நடை, தோள், கணுக்கால் சுழற்சி, பிறகு அன்றைய கார்டியோ அசைவுகளே பாதி வேகத்தில். இந்த ஊர்ப் புழுக்கத்தில் உடம்பு ஏற்கெனவே சூடுதானே என்று கேட்பார்கள். வியர்த்தால் மட்டும் போதாது, மூட்டும் இதயமும் தயாராக வேண்டும்.

கார்டியோ நான்கு சுற்று: ஐந்து நிமிட அசைவு, இரண்டு நிமிடம் மெல்ல நடந்தபடி தண்ணீர். பக்கவாட்டு அடி, முட்டி தூக்குதல், காற்றில் குத்துதல். குதிப்பதைச் சேர்ப்பதில்லை, தரை கெட்டியானது, முட்டி தாங்காது. வேகம் சரியா என்று பார்க்கப் பேச்சுக் கொடுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சில ரத்த அழுத்த மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏறவிடாது என்பதால், துடிப்பை எண்ணுவதைவிட இதையே நம்புகிறேன்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் வெறும் வயிற்றில் வந்தால் பிஸ்கட் கொடுத்து உட்காரவைப்பேன். இதயம் நின்றுபோனால் மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். நெஞ்சு வலி என்றால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் இன்றைக்கு வீட்டில் என்ன சமையல் என்று கேட்பேன். மூச்சு வாங்காமல் பதில் வந்தால்தான் பையை எடுக்க விடுவேன்.