ஒரே வல்லூறு, மூன்று உடை: நிறத்தை வைத்து அடையாளம் காண்பது எப்படி?

பறவை பார்க்கத் தொடங்கிய புதிதில், தெருமுனை வேப்பமரத்துக்கு மூன்று வகைப் பருந்துகள் வருவதாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். மூன்றும் வல்லூறுதான்: ஆண், பெண், அந்த ஆண்டு பறக்கப் பழகிய இளசு. வைரி என்றும் சொல்வார்கள். புறா அளவு, 26 முதல் 30 செ.மீ. நீளம்.

படி 1: மார்பு. முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். முதுகின் நிறம் வெயிலுக்கு வெயில் வேறாகத் தெரியும். மார்பின் கோடுகள் அப்படி ஏமாற்றாது. வெள்ளை மார்பில் மெல்லிய செம்பழுப்பு வரிகள் குறுக்கே நெருக்கமாக ஓடினால் வளர்ந்த பறவை. பழுப்புத் துளிகள் மேலிருந்து கீழாகச் சொட்டி வழிந்ததுபோல் இருந்தால் இளசு. சில பறவைகளில் இரண்டும் கலந்திருக்கும். குழம்ப வேண்டாம், இளசு இறகு மாற்றிக்கொண்டிருக்கிறது. பழைய துளிகளுக்கு நடுவே புது வரிகள் முளைப்பதைப் பைனாகுலரில் பார்ப்பது அவ்வளவு அழகு!

படி 2: கண். வளர்ந்த ஆணுக்கு ரத்தச் சிவப்பு. பெண்ணுக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சு கலந்த மஞ்சள். இளசுக்கும் மஞ்சள்தான், அதனால்தான் மார்பை முதலில் பார்க்கச் சொன்னேன்.

படி 3: முதுகு. ஆண் வெளிர் நீலச் சாம்பல், பெண் பழுப்பு ஓடிய சாம்பல், இளசு முழுப் பழுப்பு. ஜோடியாக உட்கார்ந்திருந்தால் பெரியது பெண்.

படி 4: தொண்டை. நடுவில் ஒரு கருங்கோடு இறங்கும். இளசுக்குப் பளிச்சென்று, வளர்ந்ததற்கு மங்கலாக.

சரி, இவ்வளவும் பொருந்தினாலும் அலகைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். அக்காக்குயில் அச்சு அசலாக வல்லூறு போலவே இருக்கும். சாம்பல் முதுகு, வரிபோட்ட வால், பறக்கும் விதம்கூட அதேதான். அதன் இளசும் வல்லூறு இளசைப் போலவே மார்பில் துளிகளோடு திரியும். வல்லூற்றின் அலகு கொக்கிபோல் வளைந்திருக்கும், கால்கள் இரை பிடிக்கும் உரத்த மஞ்சள் கால்கள். குயிலின் அலகில் அந்தக் கொக்கி இருக்காது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரியும்.

குறிப்பேட்டில் ‘பழுப்புப் பருந்து’ என்று மட்டும் எழுதாமல் மார்பு, கண், முதுகு, தொண்டை என்று தனித்தனியாக எழுதுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாயங்கால வெயிலில் ஆணின் சாம்பல் முதுகும் பழுப்பாகத்தான் தெரியும்.