ஐம்பது வயதில் மிருதங்கம் தொடங்குவோருக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் வளர்ந்த நம்மில் பலருக்கு, கோயில் திருவிழாவில் கேட்ட மிருதங்கத்தைக் கற்கும் ஆசை, விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கும் ரப்பர் பால்மரத்துக்கும் இடையே கைகூடாமலே போயிற்று; அதை ஐம்பதிலும் தாராளமாகத் தொடங்கலாம். கருவியை உடனே வாங்காமல், கோயில் நிர்வாகத்தினரிடம் விசாரித்து முதலில் ஆசிரியரைத் தேடுங்கள். சிறு பிள்ளைகளோடு அமர்ந்து கற்க நேர்ந்தால் கூச்சப்படாதீர்கள். ‘த தி தொம் நம்’ என்னும் முதல் பாடத்தை வாயால் சொல்லிக்கொண்டே, தாளம் பிசகாமல் மெதுவாக வாசியுங்கள். செம்பனைக் குலை வெட்டிக் காய்த்துப்போன கைக்கு வலிமை ஏற்கெனவே உண்டு, விரல்கள் இலகுவாக விழப் பழகுவதற்குத்தான் காலம் பிடிக்கும் என்பதால், வேகத்துக்கு அவசரப்படுவது வீண். வாசிக்குமுன் தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலின் நடுவில் ரவையை நீர்விட்டுப் பிசைந்து அப்பி, ஓசை வேண்டிய அளவு கீழிறங்கும்வரை சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். முடிந்ததும் சுரண்டி எடுத்துத் துடைத்துவிடுங்கள், இல்லையேல் நம் ஊர் ஈரக்காற்றில் தோல் கெட்டுவிடும்.