கை கழுவியவர் யார்? தமிழ்ப் பலசொல் தொடர்களைக் கணினியில் கையாளும் முறை

‘கட்சி அவரைக் கைகழுவியது.’ ‘சாப்பிடுமுன் கை கழுவினார்.’ பெயர்ச்சொல்லும் வினையும் இரண்டிலும் ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் மட்டும் தண்ணீருக்கு வேலையில்லை. தனித்தனிச் சொற்களைக் கூட்டினால் கிடைக்காத பொருளைத் தரும் தொடர்களும், வழக்கில் இறுகிப்போன சேர்க்கைகளும் பலசொல் தொடர்கள். தமிழில் இவற்றைப் பிடிப்பதில் மூன்று தொல்லைகள்: வினை பல நூறு வடிவம் எடுக்கும், இடைவெளி எழுதுபவரைப் பொறுத்து மாறும், நடுவில் ஒற்று வந்து நிற்கும். அகராதியில் எழுத்துச் சரத்தை வைத்துத் தேடினால் பல நழுவும். அடிச்சொல்லையும், தொடர் ஏற்கும் மாற்றங்களையும், ஏற்காதவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும்.

உரையைச் சுத்தம் செய்தல்

முதலில் யூனிகோடை என்எஃப்சி (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் சீர்வடிவம்) வடிவுக்கு மாற்றுங்கள். ‘கொ’வில் உள்ள உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் இருக்கலாம், என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கும். ஆனால் ‘கௌ’வுக்குப் பதில் கொம்புபோட்டு ‘ள’ எழுத்தைத் தட்டியிருந்தால் என்எஃப்சி தொடாது. அதற்குத் தனித் திருத்தம் வேண்டும். நகலெடுத்து ஒட்டிய உரையில் கண்ணுக்குத் தெரியாத சுழிய அகல இணைப்பிகள் ஒளிந்திருக்கும். அவற்றையும் நீக்குங்கள்.

அடுத்தது பலர் மாதக்கணக்கில் கவனிக்காத பிழை. பைத்தான் நிரல்மொழியுடன் வரும் ஆர்ஈ (re) என்ற வடிவத்தேடல் தொகுதியில், சொல்லெழுத்தைக் குறிக்கும் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’ (\w) என்ற குறி தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்ளாது. ‘கை கழுவினார்’ என்பதை அது க, கழ, வ, ன, ர என்று நறுக்கும். சைகிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் தொகுதியில் சொற்களை எண்ணும் கவுண்ட்வெக்டரைசர் இதே குறியில் குறைந்தது இரண்டு எழுத்து கேட்பதால் ‘கழ’ மட்டும் மிஞ்சும். இடைவெளியையும் நிறுத்தக்குறியையும் வைத்துப் பிரியுங்கள், அல்லது ரீஜெக்ஸ் என்ற தனித் தொகுதியைப் பயன்படுத்துங்கள்.

ஒற்றும் அடிச்சொல்லும்

‘அவரைக்’, ‘காட்டிக்’ போன்றவற்றின் ஈற்று ஒற்றை எடுக்க மூன்று நிபந்தனை போதும்: சொல் க், ச், த், ப் ஒன்றில் முடிய வேண்டும், அடுத்த சொல் அதே மெய்யில் தொடங்க வேண்டும், ஒற்றை எடுத்தபின் மிஞ்சுவது உயிரொலியில் முடிய வேண்டும். மூன்றாவது நிபந்தனை ‘பேங்க்’ போன்ற கடன்சொற்களைக் காப்பாற்றும். ‘பைப் போட்டான்’ மட்டும் தப்பாது, ‘பை போட்டான்’ ஆகிவிடும். அப்படிப்பட்ட சொற்களுக்கு விலக்குப் பட்டியல் வையுங்கள்.

பிறகு அடிச்சொல். சொல்லை அடிச்சொல்லாகவும் விகுதிகளாகவும் பிரித்துக் காட்டும் தமிழிமார்ஃப் போன்ற உருபனியல் பகுப்பாய்வி இங்கே உதவும். பேச்சுத்தமிழ் உரை என்றால் அதற்குமுன் ‘குடுத்துட்டான்’ என்பதைக் ‘கொடுத்துவிட்டான்’ ஆக்கும் மாற்று அட்டவணை தேவை. ‘கைவிட்டான்’, ‘கை விட்டான்’ இரண்டையும் ஒரே உள்வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். மூல உரையில் அவை இருந்த எழுத்திடத்தையும் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் விடையை உரையோடு பொருத்த முடியாது.

எண்ணிப் பார்த்தல்

சொற்சோடிகளைச் சேகரித்து வரிசைப்படுத்தப் பரவலாகப் பயன்படுவது பரஸ்பரத் தகவல் அளவு: தற்செயலாக வருவதைவிட எத்தனை மடங்கு அதிகமாகச் சோடி வருகிறது என்பதன் மடக்கை. அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கணக்கு: தரவுத்தொகுதியில் 10 லட்சம் சோடிகள். ‘கம்பி’ 200 முறை, ‘நீட்டு’ 400 முறை, சேர்ந்து 40 முறை என்று வைத்துக்கொள்வோம். தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியது 0.08; கிடைத்தது அதைப்போல 500 மடங்கு; 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையில் ஏறத்தாழ 8.97. இப்போது எழுத்துப்பிழையால் பிறந்த இரு சொற்கள், தலா ஒரே முறை, அதுவும் அருகருகே. அதன் மதிப்பெண் 19.93! இதே அளவை −1 முதல் 1 வரை அடங்கும்படி சீராக்கினாலும் பிழைக்கு 1, ‘கம்பி நீட்டு’க்கு 0.61. குப்பைதான் மேலே நிற்கிறது.

ஆய்வாளர் டெட் டன்னிங் 1993இல் முன்வைத்த மடக்கை நிகழ்வாய்ப்பு விகிதத்தில் (சோடி தற்செயல் அல்ல என்பதற்கு எவ்வளவு சான்று என்று அளப்பது) அதே எண்களைப் போட்டால் ‘கம்பி நீட்டு’ சுமார் 430, பிழைச் சோடி சுமார் 30. வரிசைப்படுத்த இதையே எடுங்கள். 5 முறைக்குக் குறைந்த சோடிகளை முன்பே தள்ளிவிடுங்கள். ஜென்சிம் என்ற பைத்தான் தொகுதியின் ஃப்ரேசஸ் கருவியைப் பயன்படுத்தினால் இயல்பு அமைப்பு குறைந்தபட்ச எண்ணிக்கை 5, வரம்பு 10. சீராக்கிய அளவுக்கு மாறினால் வரம்பை −1க்கும் 1க்கும் இடையில் வைக்க வேண்டும். எண்ணுவது அடிச்சொல்லையே. இல்லையேல் ‘நீட்டினான்’, ‘நீட்டிவிட்டார்கள்’, ‘நீட்டிய’ என்று அந்த 40 சிதறி, ஒவ்வொன்றும் வரம்புக்குக் கீழே விழும்.

ஒட்டிய சோடிகளை மட்டும் எண்ணாமல், நடுவில் இரண்டு சொல்வரை இடம் விடுங்கள்: ‘டிமிக்கி நன்றாகக் கொடுத்தான்.’ ‘கொடுத்தானே அல்வா!’ என்ற தலைகீழ் வரிசையும் உண்டு.

வகை பிரித்தல்

எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்ற வேண்டியதில்லை. ‘வந்துகொண்டிருக்கிறான்’ இலக்கணம், துணைவினையாகக் கையாளுங்கள். ‘ஃபார்வர்ட் பண்ணு’ போன்றவை முடிவில்லாமல் பெருகும். பெயர்ச்சொல்லும் ‘பண்ணு’வும் சேர்ந்தால் ஒரே வினை என்ற விதி போதும். ‘காப்பி கீப்பி’, ‘பணம் கிணம்’ போன்ற எதிரொலிச் சொற்களுக்கும் விதிதான்: முதல் எழுத்து நெடிலானால் ‘கீ’, குறிலானால் ‘கி’, மீதி அப்படியே. ‘பழம் கிழம்’ வந்தால் கிழம் என்ற முதியவரைத் தேடிப் போகாதபடி, அகராதிக்கு முன் இந்த விதி ஓட வேண்டும்.

பட்டியலுக்கு உரியவை மரபுத்தொடர்கள். ‘கை கழுவு’வுக்கான பதிவு இப்படி இருக்கலாம்:

பெயர்: கை, உருபு ஏற்காது
வினை: கழுவு, எல்லாக் காலமும், செயப்பாட்டு வடிவமும்
தனிச் செயப்படுபொருள்: கட்டாயம், இரண்டாம் வேற்றுமை
இடையில் சொல்: வராது
பொருள்: பொறுப்பை விட்டு விலகு

உருபு வரிசையை அலட்சியம் செய்யாதீர்கள். ‘கை’ மீது ‘ஐ’ ஏறினால் (‘கையைக் கழுவினான்’) பெரும்பாலும் நேர்ப்பொருள். ‘செலவு கையைக் கடிக்கிறது’ தலைகீழ்: அங்கே ‘ஐ’ இல்லாமல் மரபுத்தொடரே கிடையாது.

நேர்ப்பொருளா, மரபுப்பொருளா

மேலுள்ள பதிவே பாதி வேலையை முடிக்கிறது: ‘கை’ தவிர வேறொரு செயப்படுபொருள் இருந்தால் மரபுப்பொருள். ஆனால் ‘குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுக் கை கழுவினாள்’ இந்த விதியை ஏமாற்றும். ‘குழந்தையை’ இன்னொரு வினைக்கு உரியது. பின்னோக்கித் தேடும்போது வினையெச்சம் குறுக்கிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். எந்தச் சொல் எந்த வினைக்கு உரியது என்று காட்டும் சார்புப் பகுப்பாய்வி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதைப் பயிற்ற உதவும், வாக்கிய அமைப்பைக் குறித்துவைத்த தொகுப்புகளான யூனிவர்சல் டிபெண்டன்சீஸ் திட்டத்தின் தமிழ் மரவங்கிகள் சிறியவை (டிடிபி 600 வாக்கியம், எம்டபிள்யூடிடி 534), எனவே பகுப்பாய்வியின் முடிவைச் சான்றுகளில் ஒன்றாக மட்டும் எடுங்கள்.

‘போட்டுக்கொடு’வுக்குச் செயப்படுபொருளின் வகை முக்கியம். காப்பி, டீ, கையெழுத்து என்றால் நேர்ப்பொருள், ஆளென்றால் காட்டிக்கொடுத்தல். ‘கையைக் கடித்தது’க்கு எழுவாயின் உயிர்த்தன்மையைப் பாருங்கள். அஃறிணையா என்று மட்டும் பார்த்தால் நாயும் செலவும் ஒரே கூடையில் விழும். விலை, செலவு, வாடகை என்று குறும்பட்டியல் வைப்பதே எளிது. ‘காது குத்து’ போன்றவற்றில் சொல்லமைப்பு கைகொடுக்காது. அங்கே சூழல் சார்ந்த வகைப்படுத்தி தேவை; ஒவ்வொரு தொடருக்கும் இரு பொருளிலும் எடுத்துக்காட்டுகள் கொடுத்துப் பயிற்றுங்கள்.

குறியிடலும் சோதனையும்

குறியிட, பல மொழிகளில் பலசொல் தொடர்களைக் குறிக்கும் பன்னாட்டுத் திட்டமான பார்சீமின் வடிவம் வசதியானது: சொல்லுக்கு ஒரு வரியாகப் பகுப்பாய்வை எழுதும் கோநெல்-யு கோப்பின் பத்து நெடுவரிசைகளோடு பதினொன்றாவதாக ஒன்று. தொடரின் முதல் சொல்லில் அத்தொடரின் வரிசை எண்ணும் வகையும், மற்றவற்றில் எண் மட்டும், தொடரில் சேராதவற்றில் நட்சத்திரக் குறி. நடுவில் பிற சொல் புகுந்தாலும் எண் தொடரை இணைத்துவைக்கும்.

தரவைப் பிரிக்கும்போது வாக்கியங்களைக் கலைத்துப் போட்டால் ‘அல்வா கொடு’ பயிற்சியிலும் இருக்கும், சோதனையிலும் இருக்கும். மனப்பாடம் செய்த கருவிக்கு நல்ல மதிப்பெண் விழும். பார்சீமின் 2020 பொதுப்போட்டி பயிற்சியில் காணாத தொடர்களுக்கு முதன்மை தந்தது இதற்காகவே. சோதனைத் தொகுதியில் ஒரு பங்கையாவது பயிற்சியில் இல்லாத தொடர்களுக்கு ஒதுக்கி, அதன் மதிப்பெண்ணைத் தனியே எழுதுங்கள். முழுத்தொடர் பொருத்தத்தையும் சொல்வாரிப் பொருத்தத்தையும் பிரித்துக் கணக்கிடுங்கள். இரண்டாவது உயர்ந்து முதலாவது தாழ்ந்திருந்தால் எல்லை பிடிப்பதில் கோளாறு. முதலில் ஒற்று நீக்கும் படியைத் திரும்பப் பாருங்கள்.