போகப்போகிற லேப்டாப் ஹார்ட் டிஸ்க்: கழற்றுவதற்கு முன்னும் பின்னும்

லேப்டாப்பிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது, நடுவில் அப்படியே நின்றுபோகிறது என்றால் ஹார்ட் டிஸ்க்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் இலவச சாஃப்ட்வேர்) போட்டு 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் டிஸ்க்கே மாற்றிடம் கொடுத்துவிட்ட செக்டர்கள் (டேட்டா எழுதப்படும் சிறு சிறு கட்டங்கள்), சி5 படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை, சி6 சரிசெய்ய முடியாதவை. இந்த எண்கள் நாளுக்கு நாள் ஏறினால் யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஆனால் ஸ்க்ரூடிரைவரை இப்போதே எடுக்காதீர்கள். டிஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், உள்ளே இருக்கும் குழந்தையின் போட்டோவை வாங்க முடியாது. நோயில் இருக்கும் டிஸ்க் ஓடுகிற ஒவ்வொரு மணி நேரமும் அதன் மிச்ச ஆயுளிலிருந்துதான் கழிகிறது, அதனால் செக்டிஸ்க் (பிழை தேடும் கருவி), டிஃப்ராக் (ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் கருவி) எதையும் ஓட்டாதீர்கள், இரண்டும் டிஸ்க்கைப் போட்டு உருட்டி எடுத்துவிடும். எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒன்றைச் செருகி, திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் முதலில் காப்பி செய்யுங்கள்: போட்டோ, சொந்த ஆவணங்கள், கணக்கு வழக்கு. சினிமாவும் இன்ஸ்டால் செய்த சாஃப்ட்வேரும் அப்புறம். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். டிஸ்க் சத்தம் மட்டும் போடுகிறது, சிஸ்டத்தில் தெரியவே இல்லை என்றால் உடனே அணைத்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம், உள்ளே ஈரம் படிந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

முழு டிஸ்க்கையும் குளோன் செய்வதா (அப்படியே நகலெடுப்பதா), புதிதாக விண்டோஸ் போடுவதா? சி5 எண் கூடிக்கொண்டே போனால் நான் புதிதாகப் போடுவதையே சொல்வேன், ஏனென்றால் பழுதான சிஸ்டம் ஃபைல்களும் குளோனோடு சேர்ந்தே வந்துவிடும். விண்டோஸ் 10, 11-இல் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, அதனால் டிஸ்க் மாற்றினாலும் பொதுவாகத் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். குளோன்தான் வேண்டும் என்றால் லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து டிடிரெஸ்க்யூ என்ற டிஸ்க் மீட்புக் கருவியை ஓட்டுங்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும், எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் ஒன்றைக் கொடுத்திருந்தால் பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எது பழையது, எது புதியது என்பதை சீரியல் நம்பரை வைத்து இரண்டு முறை சரிபாருங்கள், மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் டேட்டாவின் மேல் எழுதப்பட்டுவிடும்.

புதிய டிஸ்க் வாங்கும்போது எஸ்எஸ்டியாகவே (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிப்பது) வாங்குங்கள். பெரும்பாலான லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகள் 2.5 இஞ்ச் சாட்டா (கனெக்டரின் வகை), தடிமன் 7 அல்லது 9.5 மி.மீ. குளோன் செய்வதானால் பழையதன் அளவாவது இருக்க வேண்டும்.

கழற்றும் நாளில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக அணையும். சார்ஜரை உருவி, பேட்டரியைக் கழற்றி (உள்ளே இருந்தால் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் கனெக்டரை எடுத்துவிட்டு), பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். பெயின்ட் இல்லாத உலோகம் எதையாவது தொட்டுக் கையிலுள்ள ஸ்டேட்டிக் மின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருக்காது: ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே டேப்பால் ஒட்டி வையுங்கள். மூடி வர மறுத்தால் இழுக்காதீர்கள், ரப்பர் காலுக்கு அடியில் இன்னொரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம். டிஸ்க்கை கனெக்டரிலிருந்து நேராக, கிடைமட்டமாக உருவி, பழைய பிராக்கெட்டை (டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சட்டம்) புதியதில் மாட்டி அப்படியே உள்ளே தள்ளுங்கள்.

குளோன் செய்திருந்தால் முதல் முறை பூட் ஆகும்போது பழைய டிஸ்க்கை யூஎஸ்பியில் செருகாதீர்கள், இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்பதால் விண்டோஸ் குழம்பும்.

பழையதைச் சில வாரம் பத்திரமாக வைத்திருங்கள், விட்டுப்போன ஃபைல் ஏதாவது நினைவுக்கு வரும். அப்புறம் தூக்கிப் போடும்போது அழித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களைச் சாதாரண ஓவர்ரைட் (மேலே வேறு டேட்டா எழுதி அழிப்பது) தொடுவதில்லை, ரகசியம் ஏதும் இருந்தால் உடைத்துத்தான் போட வேண்டும். 2.5 இஞ்ச் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சில்லு சில்லாகத் தெறிக்கும், துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள்.