ரோடியோ ராணி ஆவது எப்படி? தொப்பி விழாமல் ஒரு சுற்று

குதிரை நாலுகால் பாய்ச்சலில் போய்க்கொண்டிருக்கும். இடது கையில் கடிவாள வார், வலது கை கூட்டத்தைப் பார்த்து அசைந்துகொண்டிருக்கும், முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது. இந்த நேரம் பார்த்துத் தலையிலிருக்கும் கவ்பாய் தொப்பி பறந்துவிட்டால் பல போட்டிகளில் மதிப்பெண்ணும் கூடவே பறந்துவிடும். கிரீடத்தையே அந்தத் தொப்பியில்தான் மாட்டுகிறார்கள்!

ரோடியோ என்பது அமெரிக்க மேற்குப் பகுதியின் மாட்டுப் பண்ணை வேலைகளிலிருந்து வளர்ந்த விளையாட்டு. கன்றுக்குச் சுருக்குக் கயிறு வீசுவது, முரட்டுக் குதிரை மேல் உட்காருவது, துள்ளும் காளை மேல் 8 விநாடி தாக்குப்பிடிப்பது எல்லாம் இதில் உண்டு. இந்தத் திருவிழாவின் முகமாக ஊர் ஒன்றுக்கு ஒரு ராணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "அழகிப் போட்டிதானே" என்று கேட்டால் பாதி சரி. மீதிப் பாதி குதிரை லாயத்தில் இருக்கிறது.

படி 1: எந்தப் பட்டம்?

ஊர் ரோடியோவில் தொடங்குங்கள். அதற்கு மேல் மாநிலப் பட்டம், அதற்கும் மேல் மிஸ் ரோடியோ அமெரிக்கா. இந்தக் கடைசிப் பட்டம் 1955 முதல் இருக்கிறது. மாநில ராணிகள் டிசம்பரில் லாஸ் வேகாஸில் தேசிய இறுதி ரோடியோவை ஒட்டி மோதுகிறார்கள். வயது வரம்பு, திருமணம் ஆகியிருக்கக் கூடாது போன்ற விதிகள் போட்டிக்குப் போட்டி மாறும். (திருமண விதி இன்னும் எதற்கு என்பது என் கேள்வி.) சில ஊர்களில் டிக்கெட் விற்றுக் கொடுத்தாலும் மதிப்பெண் உண்டு. விதிப் புத்தகத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படித்துவிடுங்கள்.

படி 2: குதிரை

உங்கள் நேரத்தில் பெரும்பங்கு இதற்குத்தான். நடுவர்கள் ஒரு வரைபடம் தருவார்கள். மனப்பாடம் செய்து, அதே வரிசையில் ஓட்டிக் காட்ட வேண்டும். பெரிய வட்டம், சின்ன வட்டம், நின்ற இடத்திலேயே சுழல்வது, ஓட்டத்திலிருந்து பின்னங்கால்கள் மண்ணில் வழுக்கி நிற்பது, பின்னோக்கி நடப்பது எல்லாம் வரும்.

தொடக்கநிலைக்காரர்கள் தடுமாறுவது முன்னணிக் காலில். இடப்பக்கம் வட்டமடிக்கும்போது குதிரையின் இடது முன்னங்கால் முந்திப் போக வேண்டும். வலப்பக்கம் திரும்பினால் வலது கால். எட்டு வடிவம் ஓட்டும்போது நடுப்புள்ளியில், ஓட்டம் நிற்காமல், காலை மாற்றச் சொல்ல வேண்டும். குனிந்து பார்த்துச் சரிபார்த்தால் நடுவருக்குத் தெரிந்துவிடும். உங்கள் இடுப்புக்குக் கீழே குதிரையின் எந்தத் தோள் முன்னால் தள்ளுகிறது என்று உடம்பால் உணரப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பயிற்சியாளர் குதிரையை நீண்ட கயிற்றில் பிடித்துச் சுற்றவிடட்டும். சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.

அடுத்த சோதனை, முன்பின் தெரியாத குதிரை. பல போட்டிகளில் சீட்டுக் குலுக்கி யாருடைய குதிரையையோ கொடுப்பார்கள். ஆகவே சொந்தக் குதிரையிலேயே ஊறிப்போகாமல், கிடைக்கிற குதிரையில் எல்லாம் ஏறுங்கள்: சோம்பேறி, துடுக்கு, வாயில் கடிவாளம் பட்டாலே தலையை உதறுவது, எல்லாவற்றிலும்.

ஒரேகான் மாநிலத்தில் 1910 முதல் நடந்துவரும் பெண்டில்டன் ரவுண்ட்-அப் என்ற ரோடியோவில் ராணியும் இளவரசிகளும் முழு வேகத்தில் வேலி தாண்டித்தான் புல்தரை அரங்குக்குள் வருகிறார்கள். அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்தவர் "வெறும் அழகிப் போட்டி" என்று சொல்ல மாட்டார்.

படி 3: கொடி

கொடிக்கம்பின் அடி, அங்கவடியோடு (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) சேர்த்துக் கட்டிய ஒரு குழலுக்குள் நிற்கும். உங்களுக்கு அது எளிது. குதிரைக்கோ காதருகே படபடக்கும் துணி ஒரு பேய். ஒரு குச்சி நுனியில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, தரையில் நின்றபடி தூரத்தில் அசையுங்கள். குதிரை அமைதியான அந்த நொடியில் பையைக் கீழே இறக்குங்கள். மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்து உடம்பில் தடவுங்கள். பிறகே உண்மைக் கொடி. காற்றடிக்கும் நாளில் ஒத்திகை பார்க்க மறக்காதீர்கள்.

படி 4: படிப்பு

நேர்காணலில் குதிரையின் உடற்கூறு, சேணத்தின் பாகங்கள், நோய்கள், ரோடியோ விதிகள், இந்த ஆண்டு முன்னணியில் இருப்பவர்கள் என்று எதையும் கேட்பார்கள். மாதிரிக்குச் சில: குதிரையின் உயரத்தை 'கை'யில் அளப்பார்கள், ஒரு கை 4 அங்குலம். பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை வேகமாக ஓட்டும் பீப்பாய் ஓட்டத்தில் ஒரு பீப்பாயைச் சாய்த்தால் 5 விநாடி கூடும். காளை ஏறுபவர் ஒரு கையால்தான் பிடிக்கலாம். மொத்தம் 100 மதிப்பெண்ணில் பாதி காளைக்கு. காகின்ஸ் சோதனை குதிரைகளின் தொற்று இரத்தசோகையைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனை.

கன்றைக் கயிறு போட்டு இழுப்பது கொடுமை இல்லையா என்ற கேள்வியும் வரலாம். கோபப்படாதீர்கள், மழுப்பாதீர்கள். கால்நடைகளுக்கான விதிகளைத் தெரிந்துவைத்துக்கொண்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

படி 5: உடையும் அந்தத் தொப்பியும்

உடைக்குப் பணம் தண்ணீராய் ஓடும். முன்னாள் ராணிகள் விற்கும் பழைய உடைகளை வாங்கித் தைத்துத் திருத்திக்கொள்வது புத்திசாலித்தனம். கோடையில் வைக்கோல் தொப்பி, குளிர்காலத்தில் ஃபெல்ட் தொப்பி (ரோமத்தை அழுத்திச் செய்தது).

தொப்பியின் உள்வளையத்தில் நுரைப்பட்டை ஒட்டி, அளவை இறுக்கமாக்குங்கள். நெற்றியில் நன்றாக இறக்கி வைத்து, முடியோடு சேர்த்து ஊசி குத்துங்கள். ஸ்ப்ரேயைக் கஞ்சத்தனமில்லாமல் அடியுங்கள். பிறகு கண்ணாடி முன் நிற்காமல் குதிரையில் ஏறி முழு வேகத்தில் மூன்று சுற்று ஓட்டுங்கள். விழுந்ததா? மறுபடி முதலிலிருந்து.

படி 6: பட்டம் கிடைத்தால்

ஊர்வலம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, கையெழுத்து, விளம்பரதாரர் கொடி என்று ஓர் ஆண்டு ஓடிவிடும். பலர் எதிர்பார்க்காத வேலை ஒன்றும் உண்டு. கயிறு வீசும் போட்டி முடிந்ததும் அரங்கில் நிற்கும் கன்றையும் மாட்டையும் வாசல் பக்கம் விரட்டி வெளியேற்றுவது பெரும்பாலும் ராணிதான், பளபளக்கும் சட்டையோடும் கிரீடத்தோடும். மாட்டையே பார்த்திராத குதிரை அப்போது மிரண்டு பின்வாங்கும். தெரிந்த பண்ணை எதிலாவது கேட்டு, ஒரு மாதம் முன்பே அதை மாட்டுத் தொழுவத்துக்குள் கூட்டிப்போய்ப் பழக்கிவிடுங்கள்.